தோப்புக்குள் ஓட ஒரு பக்கி வண்டி: பிள்ளையோடு சேர்ந்து கட்ட நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

ஆனைமலைப் பக்கம் எங்கள் தென்னந்தோப்புக்குள் ஓடும் வண்டியைப் பார்த்தவர்கள், பார்த்தவர்கள் சொல்லிக் கேட்டவர்கள் என்று நிறையப் பேர் விசாரிக்கிறார்கள். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான் என்பதால் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். நான் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருப்பவன். வண்டி கட்டுவது என் தொழில் இல்லை. மகள் ஒன்பதாம் வகுப்புத் தேர்வு முடித்த கோடையில் ஆரம்பித்தோம். குழாய்க் கூண்டு, இரண்டு இருக்கை, பின்னால் ஆட்டோ இன்ஜின், முன்னால் மாருதி 800-இன் ஸ்டீயரிங். இவ்வளவுதான் வண்டி. மண்பாதையில் ஓடும் இப்படிப்பட்ட திறந்த வண்டியைத்தான் பக்கி (buggy) என்கிறார்கள்.

இதை ரோட்டில் ஓட்டலாமா?

கூடாது. எல்லோரும் முதலில் கேட்பது இது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 4-ஆவது பிரிவுப்படி 18 வயது நிரம்பாதவர் பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்ட முடியாது. 16 வயதானால் 50 சிசிக்கு மேற்படாத இருசக்கர வண்டிக்கு மட்டும் விலக்கு உண்டு. 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவு இன்னும் கடுமை: சிறுவர் ஓட்டி மாட்டினால் பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

“ரோடு இல்லீங்க, மண் பாதைதான்” என்று சிலர் சொல்வார்கள். பொதுமக்களுக்குப் போய்வர உரிமை உள்ள எந்த இடமும் சட்டத்தின் கண்ணில் பொது இடம்தான். ஆற்றுப் புறம்போக்கு, குளத்துக்கரை, ஊர் மைதானம், கடற்கரை எல்லாம் அதில் அடங்கும். காட்டு எல்லைப் பக்கம் போகவே வேண்டாம். வனத்துறை வழக்கு தனி.

பதிவு விஷயத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 39-ஆவது பிரிவு, பதிவில்லாத மோட்டார் வாகனத்தைப் பொது இடத்தில் மட்டுமல்ல, வேறு எந்த இடத்திலும் ஓட்டக்கூடாது என்கிறது. ஆனால் எது மோட்டார் வாகனம் என்று வரையறுக்கும் 2(28) பிரிவு, அடைக்கப்பட்ட வளாகத்துக்குள் மட்டும் ஓடும்படி அமைந்த தனிவகை வண்டியை அந்தக் கணக்கிலிருந்து விலக்கிவைக்கிறது. எங்கள் வண்டி நிற்பது அந்த விலக்கில்தான். ஆகவே தோப்பைச் சுற்றிக் கம்பிவேலி, பூட்டுப் போட்ட கேட். வண்டிக்கு ஹெட்லைட், ஹாரன், நம்பர் பிளேட் எதுவும் வைக்கவில்லை. ரோட்டுக்குப் போகும் எண்ணமே இல்லாத வண்டி என்பது பார்த்தாலே தெரிய வேண்டும். வேறு இடத்துக்குக் கொண்டுபோவதென்றால் குட்டி யானை (டாடா ஏஸ்) வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோவோம்.

எங்களுக்குத் தோப்பு இல்லை. என்ன செய்வது?

வேலி போட்ட உறவினர் நிலம் இருந்தால் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் வண்டி கட்டுவதை ஒத்திப்போடுவதே நல்லது. இடமில்லாமல் வண்டி இருந்தால் பிள்ளையின் கண் தெருப்பக்கம்தான் போகும். ஓட்டும் ஆசை மட்டும் என்றால் கோ-கார்ட் என்னும் சின்னப் பந்தய வண்டி ஓட்டப் பழக்கும் இடங்கள் இருக்கின்றன. கட்டும் ஆசை என்றால் பொறியியல் கல்லூரியில் பாஹா எஸ்ஏஇ இந்தியா போட்டி இருக்கிறது. 2007 முதல் மாணவர்கள் தாங்களே கட்டிய ஒற்றை இருக்கை மண்பாதை வண்டியோடு கலந்துகொள்கிறார்கள். அந்தப் போட்டி விதிகளில் நிறைய எங்களுக்குப் பயன்பட்டன, கீழே வரும்.

கோயமுத்தூர்க்காரர்களுக்கு இது புதிதும் இல்லை. மாருதி 800 இன்ஜினைப் பின்னால் வைத்து ஃபார்முலா மாருதி என்று ஒற்றை இருக்கைப் பந்தய வண்டி கட்டிய கரிவர்தன் இந்த ஊர்க்காரர். அவர் பெயரில்தான் செட்டிபாளையம் பந்தயத் தளம் இருக்கிறது. நரேன் கார்த்திகேயன் அந்த மாருதி இன்ஜின் வண்டியில் ஓட்டிப் பழகி, 2005-இல் ஃபார்முலா ஒன் வரைக்கும் போனார்.

மொத்தம் எவ்வளவு ஆச்சு?

எழுபதாயிரத்தைத் தாண்டியது. இன்ஜின், கியர்பாக்ஸ், பின் சக்கரங்களைத் தாங்கும் ஆர்ம்கள் சேர்ந்த செட் 22,000. பைப்பும் தகடும் 7,000. முன் நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் துண்டு), ஸ்டீயரிங் ரேக் (ஸ்டீயரிங் சுற்றுவதைப் பக்கவாட்டு அசைவாக்கும் பல்சட்டம்), பெடல், சீட்டு என மாருதிச் சாமான் 10,000. வெல்டர் கூலி, பெண்டிங் கூலி 9,000. லேத் வேலை 5,000. பிரேக் சாமான் முழுக்கப் புதிது, 5,500. டயர் பழசு, 5,000. இரண்டு ஐந்து முனை பெல்ட் 6,000. மீதி பெயிண்ட், போல்ட், கேபிள், டீ.

குறைக்க நினைத்தால் டயரில் குறையுங்கள், பெயிண்டில் குறையுங்கள். பைப், பிரேக், பெல்ட் மூன்றிலும் பேரம் பேசாதீர்கள். பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள்: இன்ஜினுக்கு நாற்பதாயிரம் போட்டுவிட்டுக் கூண்டுக்குக் கேட் பைப் வாங்குகிறார்கள்.

ஏன் ஆட்டோ இன்ஜின்? பல்சர் போடலாமே?

போடலாம். யூடியூப்பில் பார்க்கிற முக்கால்வாசி வண்டி பைக் இன்ஜின்தான். ஆனால் பைக் இன்ஜினில் மூன்று குறை. ரிவர்ஸ் கிடையாது. டிஃபரன்ஷியல் கிடையாது, செயின் ஒரே ஆக்சிலைச் சுற்றும், திரும்பும்போது உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றுவதால் வண்டி நேராகவே போகப் பார்க்கும். மூன்றாவது, வேகம். நூறைத் தொடும் வண்டியைப் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு “மெதுவாப் போ” என்று சொல்வதில் அர்த்தமில்லை.

மாருதி 800 இன்ஜின் இன்னொரு வழி. 796 சிசி, மூன்று சிலிண்டர், ரிவர்ஸ், டிஃபரன்ஷியல் எல்லாம் உண்டு. நல்ல இன்ஜின். ஆனால் ரேடியேட்டர், தண்ணீர்க் குழாய், எடை, நாற்பதை ஒட்டிய குதிரைத்திறன் எல்லாம் சேர்ந்து வரும். ஓட்டத் தெரிந்தவர்களுக்கு அது. முதல் வண்டிக்கு வேண்டாம்.

ஆட்டோ இன்ஜின் ஏறத்தாழ 200 சிசி, பத்துக் குதிரைத்திறனை ஒட்டி. நான்கு கியர், ஒரு ரிவர்ஸ், டிஃபரன்ஷியல், இரண்டு பக்கமும் டிரைவ் ஷாஃப்ட், அதைத் தாங்கும் ஆர்ம், டிரம் பிரேக் எல்லாம் ஒரே தொகுதியாகப் பின்னாலேயே உட்கார்ந்திருக்கிறது. அதாவது பக்கிக்கு வேண்டிய பின்பாதி ஏற்கெனவே கட்டி முடித்து ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. 1964-இல் கலிபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் மணல்மேட்டு வண்டி கட்டியபோது வோக்ஸ்வாகன் பீட்டிலை எடுத்ததற்கும் இதே காரணம்தான்: பின்னால் இன்ஜின், காற்றில் குளிர்வது, மலிவு, எந்த மெக்கானிக்கும் தொடுவான்.

இரண்டு எச்சரிக்கை. இன்ஜினைச் சுற்றி ஒரு தகரக் கூடு இருக்கும். ஃபேன் காற்றை அதுதான் சிலிண்டர் மேல் திருப்புகிறது. அழகுக்காக அதைக் கழற்றி வீசினால் சிறிது நேரத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது, ஆட்டோவில் கியரும் கிளட்சும் கைப்பிடியில். கிளட்ச் கேபிளைக் காலுக்குக் கொண்டுவருவது எளிது. கியருக்கு இரண்டு கேபிள்: ஒன்று இழுக்கும்போது மற்றது தளர வேண்டும். நடுவில் அச்சு வைத்த ஒரு லீவரின் இரண்டு முனையிலும் கேபிளைக் கட்டினால் வேலை முடிந்தது. அட்டையில் வெட்டி, குண்டூசி குத்தி இதைச் செய்துகாட்டியது மகள்தான்.

பழைய இன்ஜின் எங்கே வாங்குவது? என்ன பார்ப்பது?

சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை, எங்களுக்குக் கோயமுத்தூர் உக்கடம். தனி இன்ஜினாக வாங்காமல், இடித்துப்போன அல்லது காலாவதியான ஆட்டோவின் பின்பாதியாக வாங்குங்கள். டிரைவ் ஷாஃப்ட்டையும் ஆர்மையும் பின்னர் தனித்தனியாகத் தேடினால் செலவு இரட்டிப்பு.

இன்ஜின் நம்பர் அழியாமல் இருக்க வேண்டும். கடைக்காரரின் கையெழுத்துப் போட்ட ரசீதில் அந்த நம்பர் இருக்க வேண்டும். ஓட்ட லாயக்கற்றுப்போன வண்டியைப் பற்றி அதன் உரிமையாளர் 14 நாளுக்குள் ஆர்டிஓ ஆபீஸுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 55-ஆவது பிரிவு சொல்கிறது; அப்படி ஆர்சி ரத்தான நகல் கொடுப்பவரிடம் ஆயிரம் கூடக் கொடுத்தாலும் தகும். திருட்டுச் சாமான் நாளை நம் தோப்பிலிருந்து எடுக்கப்பட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நாம்தான். எல்பிஜி ஆட்டோ என்றால் சிலிண்டரையும் கிட்டையும் கடையிலேயே விட்டுவிட்டு, பெட்ரோலுக்கு உரிய கார்புரேட்டரோடு வாங்குங்கள்.

பின்பாதியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். நாங்கள் சிமெண்ட் தரையில் மட்டம் பார்த்து நிறுத்தி, ஒவ்வொரு போல்ட் துளையிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டு, குண்டு தொட்ட இடத்தில் சாக்பீஸால் புள்ளி வைத்து, புள்ளிக்குப் புள்ளி டேப் பிடித்தோம். புதுக் கூண்டில் இன்ஜின் எங்கே தொங்க வேண்டும் என்பதற்கு அந்தத் தரைதான் வரைபடம். மழைக்காலத்துக்குள் அழிந்துவிடும் என்று மகள் அதை நோட்டிலும் ஏற்றிவைத்தாள்.

கூண்டுக்கு என்ன பைப்?

கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் உயிர் இதில்தான் இருக்கிறது.

பாஹா போட்டி விதிப்படி கூண்டின் முக்கியக் குழாய்கள் 25.4 மி.மீ. வெளிவிட்டமும் 3 மி.மீ.க்குச் சற்று மேலான கனமும் உள்ள கார்பன் எஃகுக் குழாயாக இருக்க வேண்டும். அல்லது வளைவைத் தாங்குவதில் அதற்கு நிகரான வேறு அளவு, ஆனால் கனம் 1.57 மி.மீ.க்குக் குறையக்கூடாது. இந்த “அல்லது”தான் எங்களுக்குச் சுவையான இடம்.

குழாயின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கோடு ஏறும். வெளிவிட்டத்தின் நான்காம் அடுக்கிலிருந்து உள்விட்டத்தின் நான்காம் அடுக்கைக் கழித்து, பை-யால் பெருக்கி 64-ஆல் வகுக்க வேண்டும். மகள் கணக்கு நோட்டில் போட்டாள். 25.4 மி.மீ. குழாய், 3.05 கனம்: ஏறத்தாழ 13,600. ஒன்றேகால் இன்ச், அதாவது 31.75 மி.மீ. குழாய், 2 மி.மீ. கனம்: ஏறத்தாழ 20,800. விறைப்பு ஒன்றரை மடங்கு. எடை பார்த்தால் முதல் குழாய் மீட்டருக்கு 1.68 கிலோ, இரண்டாவது 1.47 கிலோ. எடையும் குறைவு, விறைப்பும் கூடுதல். “ஏனுங்ப்பா, அப்புறம் எதுக்குத் தடிச்ச பைப்பு?” என்றாள். சுவர் மெலிதானால் கல்லில் இடித்து நசுங்கும், வெல்டு அடிக்கும்போதும் ஓட்டை விழும், அதனால்தான் அந்த 1.57 எல்லை என்று புரியவைத்தேன். முடிவில் 31.75-க்கு 2 வாங்கினோம். நாற்பது மீட்டரை ஒட்டிப் பிடித்தது, அறுபது கிலோவுக்குள்.

கடையில் ஒரு குழப்பம் வரும். தண்ணீர்க் குழாய்க் கடையில் “ஒரு இன்ச்” என்றால் உள்துளைக் கணக்கு. அதன் வெளிவிட்டம் 33.7 மி.மீ. ஃபர்னிச்சர், ஆட்டோமொபைல் குழாய்க் கடையில் ஒரு இன்ச் என்றால் வெளிவிட்டமே 25.4. வெர்னியர் காலிப்பரைப் பிள்ளை கையில் கொடுத்துக் கடைக்கு அழைத்துப் போங்கள். முத்திரையையும் பாருங்கள்: ஐஎஸ் 1239 தண்ணீர்க் குழாய், ஐஎஸ் 3074 வாகன வேலைக்கானது. ஜிஐ குழாய் கண்டிப்பாக வேண்டாம். வெல்டு அடிக்கும்போது அந்தத் துத்தநாகப் பூச்சு புகையாகி ஆளைக் காய்ச்சலில் படுக்கவைக்கும், இணைப்பும் சுத்தமாக வராது.

நேராகப் பைப்பை வெட்டி ஆரம்பித்துவிடலாமா?

முதலில் பிவிசி. வீட்டு ஒயரிங்குக்குப் போடும் கன்ட்யூட் பைப்பும் கட்டுக்கம்பியும் வாங்கி முழு அளவில் கூண்டைக் கட்டுங்கள். செலவு சில நூறு ரூபாய். உள்ளே சீட்டை வைத்து, வீட்டிலேயே உயரமான ஆளை ஹெல்மெட்டோடு உட்காரவையுங்கள். ஹெல்மெட்டுக்கும் கூண்டுக்கும் நடுவே 15 செ.மீ., தோள், முழங்கால், முழங்கைக்கு 7.5 செ.மீ. இடைவெளி வேண்டும், இதுவும் பாஹா கணக்கு. எங்கள் வீட்டில் உயரமானவர் என் மச்சினர். அவர் உட்கார்ந்த பிறகு மேல் வளைவு ஒரு சாண் ஏறியது.

பெடலை அசையாமல் வைத்து, சீட்டை, அதை முன்பின் நகர்த்தும் மாருதியின் தண்டவாளத்தோடு வையுங்கள். இந்த வயதில் ஒரே வருடத்தில் கால் நீண்டுவிடும்.

குழாயோடு குழாய் சேரும் இடத்தை எப்படி வெட்டுவது?

இரும்புக் கடையில் கேட்டால் “கிரைண்டர்ல கண்ணால பாத்துத் தட்டிக்கலாம்” என்பார்கள். வேலை தெரிந்தவர் கண் அப்படி. நம் கண் அப்படி இல்லை. ஒரு குழாய் இன்னொன்றின் முதுகில் மீன் வாய் மாதிரி கவ்வி உட்கார வேண்டும். அதன் விரிப்பு வடிவத்தைத் தாளில் வரைந்து, குழாயில் சுற்றி ஒட்டி, கோட்டின் மேல் வெட்டினால் போதும். பழைய மாதக் காலண்டர் தாள் இதற்கு நல்லது. கனமாக இருக்கும், எண்ணெய் பட்டாலும் கிழியாது. மகள் குழாயின் சுற்றளவைப் பன்னிரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு கோட்டிலும் உயரத்தைக் கணக்கிட்டுப் புள்ளி வைத்து வளைகோடு இழுத்தாள். சுற்றிப் பார்த்தால் இரண்டு மலை, இரண்டு பள்ளம். வெட்டி, அரத்தால் தேய்த்து, குழாயின் மேல் உட்காரவைத்தபோது வெளிச்சம் புகாத அளவுக்குப் பொருந்தியது. வெல்டர் வாங்கிப் பார்த்துவிட்டு, மறுபடியும் ஒருமுறை பொருத்திப் பார்த்துவிட்டு, “இது யார் வெட்டினது?” என்று என்னைக் கேட்டார்.

இடைவெளி ஒரு மி.மீ.க்கு மேல் போனால் வெல்டர் அதைக் கம்பியால் நிரப்பப் பார்ப்பார். அப்படி நிரப்பிய மூட்டு வெளியே பளபளப்பாகவும் உள்ளே பலமில்லாமலும் இருக்கும்.

வெல்டிங் பிள்ளையே அடிக்கலாமா?

பழக அடிக்கட்டும், கூண்டில் வேண்டாம். எங்கள் வண்டியில் மகள் அடித்த வெல்டு பேட்டரித் தட்டு, பின் மட்கார்டு, கொடிக்கம்பத் தாங்கி ஆகியவற்றில் இருக்கிறது. விட்டுப்போனால் பொருள் விழும், ஆள் விழாது.

கூண்டுக்குத் தேர்ந்த வெல்டர். அவரையும் சோதியுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். அதே பைப்பில் இரண்டு துண்டை டி வடிவில் அடிக்கச் சொல்லி, வைஸில் கடித்து, சம்மட்டியால் மடக்குங்கள். வெல்டை ஒட்டிப் பைப் கிழிந்தால் சரி. வெல்டே பிரிந்தால் வேறு ஆள். மூட்டைச் சுற்றி முழு வட்டமும் வெல்டு வர வேண்டும்; எட்டாத இடம் என்று பாதியில் விட்டுவிட்டுப் பெயிண்ட் அடிப்பது ஊர் வழக்கம்.

வெல்டிங் வெளிச்சத்தை வெறுங்கண்ணால் பார்த்தால் உடனே ஒன்றும் தெரியாது. ராத்திரி கண்ணில் மணல் கொட்டியது போல எரியும். பக்கத்தில் வேடிக்கை பார்ப்பவருக்கும் வரும். ஆகவே உதவிக்கு நிற்கும் எல்லோருக்கும் முகக்கவசம். கிரைண்டரில் வீலை மூடியிருக்கும் இரும்புக் கார்டைக் கழற்றாதீர்கள்; நான்கு இன்ச் வீல் நிமிடத்துக்கு 11,000 சுற்றை ஒட்டிச் சுற்றுகிறது, உடைந்தால் துண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. துப்பட்டா, தொங்கும் பின்னல், கைக்கயிறு எதுவும் பட்டறைக்குள் வரக்கூடாது.

ஸ்டீயரிங், பிரேக்?

மாருதி 800-இன் ரேக்கும் ஸ்டீயரிங் தண்டும் யூனிவர்சல் ஜாயிண்ட்டும் அப்படியே. ஸ்டீயரிங் ராடை வெட்டி ஒட்டி நீட்டும் வேலை வேண்டவே வேண்டாம். நீளம் போதாவிட்டால் சீட்டை நகர்த்துங்கள். நக்கிளை இடம் வலம் மாற்றி மாட்டினால் வலது திருப்பும்போது வண்டி இடது போகும். சிரிப்பு வரும் விஷயம்தான், ஆனால் பெயிண்டெல்லாம் அடித்த பிறகு தெரிந்தால் சிரிப்பு வராது. இன்னொன்று: மாருதி முன்சக்கரம் இன்ஜின் இழுக்கும் சக்கரம். டிரைவ் ஷாஃப்ட் வேண்டாம் என்று முழுசாகக் கழற்றினால் ஹப்பில் பேரிங்கை இறுக்கிப் பிடிக்க ஆளில்லை. ஷாஃப்ட்டின் வெளி முனையை மட்டும் விட்டுவைத்து, நட்டை இறுக்க வேண்டும்.

பின்னாலும் 12 இன்ச் சக்கரம் வரும்படி லேத்தில் அடாப்டர் பிளேட் கடைந்தோம். ஆட்டோவின் 8 இன்ச் சக்கரத்தைவிட டயர் விட்டம் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பெரிது. வேகம் அதே அளவு கூடும், இழுவை அதே அளவு குறையும். சமதளத் தோப்புக்குப் பாதகமில்லை.

பிரேக்குக்கு மாருதியின் இரட்டை மாஸ்டர் சிலிண்டர். ஒரு பக்கம் ஒழுகினாலும் மறுபக்கம் பிடிக்கும். ரப்பர் சம்பந்தப்பட்ட எதுவும் பழசு வேண்டாம். காய்ந்த தரையில் மெதுவாக ஓட்டி, ஓங்கி மிதித்தால் நான்கு சக்கரமும் நின்று சறுக்க வேண்டும். மூன்று நின்றால் போதாது. அதற்கு முன் டாப் கியர் என்ற பேச்சே இல்லை.

கவிழ்ந்துவிடாதா?

கவிழலாம் என்று வைத்துக்கொண்டுதான் கட்ட வேண்டும். சக்கர அகலத்தில் பாதியை எடை மையத்தின் உயரத்தால் வகுத்து வரும் எண் பெரிதாக இருக்க வேண்டும். எங்களுடையது அகலம் 130 செ.மீ.; ஆள் உட்கார்ந்த நிலையில் எடை மையம் அரை மீட்டர் உயரத்தில்; 65-ஐ 50-ஆல் வகுத்தால் 1.3. அகலமான, தாழ்வான வண்டி பார்க்க மொத்தையாக இருக்கும், அப்படியே இருக்கட்டும். எடையைக் கொப்பரைக் கிடங்குப் பிளாட்பாரத் தராசில் ஒவ்வொரு சக்கரமாக ஏற்றிப் பார்த்தோம். தூக்கிவிட உதவிய ஆட்களுக்கு டீ எங்கள் கணக்கு.

ஐந்து முனை பெல்ட், ஐஎஸ்ஐ ஹெல்மெட், பக்கவாட்டில் வலை. வண்டி சாயும்போது யாரும் கையை வெளியே ஊன்றத்தான் பார்ப்பார்கள், வலை அதற்குத்தான். சீட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவே முழுத் தகடு, பெட்ரோல் டேங்க் தகட்டுக்கு அந்தப் பக்கம். இரண்டு கிலோ தீயணைப்பான் கை எட்டும் இடத்தில். இன்ஜினை அணைக்கும் சிவப்புப் பொத்தான் இரண்டு: ஒன்று ஓட்டுபவர் கையில், ஒன்று பக்கத்து சீட்டில். இரண்டு இருக்கை வைத்ததே அந்தப் பொத்தானுக்காகத்தான்.

தோப்புக்குள் என்ன பார்க்க வேண்டும்?

கிணறு. எங்கள் பக்கம் பாதிக் கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. தரைமட்டத்தில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும், புல் மூடியிருந்தால் தெரியவே தெரியாது. வண்டி ஓடும் முன் கிணற்றைச் சுற்றி மண்மேடு போட்டு, அதற்கு வெளியே கல்தூண் நட்டோம். அடுத்தது மின்கம்பத்தின் ஸ்டே கம்பியும் வேலிக் கம்பியும். கழுத்து உயரத்தில் இருக்கும், ஓட்டத்தில் கண்ணுக்குப் படாது. வெள்ளைச் சாக்குத் துணி கட்டிவிடுங்கள். மாட்டைக் கட்டும் நீளக் கயிறும் அப்படித்தான். காய் முற்றிய மரத்தடியில் பாதை வேண்டாம். காய்ந்த மட்டையும் பன்னாடையும் சைலன்சரில் மாட்டினால் தீப்பிடிக்கும். ஓட்டி முடித்ததும் அடியில் குனிந்து பாருங்கள்.

பெட்ரோல்?

பங்கில் கேனில் தர மறுப்பார்கள். பைக் டேங்க்கிலிருந்து காக் வழியாக இரும்புக் கேனில் இறக்கிக்கொள்கிறோம். வாயால் உறிஞ்சும் பழக்கம் வேண்டாம். இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸ் ஊறி வெடிப்பு விடும், எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதென்றால் கார்புரேட்டரைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள்.

படிப்பு கெடாதா?

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்விலிருந்து பொதுத்தேர்வு முடியும்வரை வண்டிக்குத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டோம். அது முதல்நாளே பேசி வைத்தது.

பெண் பிள்ளைக்கு எதுக்குங்க இந்த வேலை?

ரீவைண்டிங் கடையில் என் அம்மா முப்பது வருடம் காயில் சுற்றினார். அவரை யாரும் இப்படிக் கேட்டதாக நினைவில்லை.

நடுவில் சண்டை வராதா?

வரும். எங்கள் வீட்டு ஏற்பாடு இது: வடிவம், நிறம், லீவர் எங்கே, எதை முதலில் செய்வது எல்லாம் மகள் முடிவு. கூண்டு, பிரேக், பெல்ட், ஓட்டும் இடம் நான்கிலும் என் சொல் கடைசிச் சொல். அளவு நோட்டு அவள் கையில்; நான் டேப் பிடித்துச் சொல்வேன், அவள் எழுதுவாள், எழுதாத அளவுக்கு வெட்டு கிடையாது. லேத் பட்டறையிலும் அவளே பேச வேண்டும். “அண்ணா, இது ஈஎன் 8 ராடுங்களா?” என்று எஃகின் ரகத்தைக் கேட்கத் தெரிந்த பிறகு அங்கே யாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை. முன்பக்கத்துக்கு மஞ்சள் வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். வண்டி மஞ்சள்தான்.

அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஓட்டக் கேட்டால்?

அவர்கள் அப்பாவோ அம்மாவோ நேரில் வந்து கிணறு எங்கே, பெல்ட் எப்படி என்று பார்த்துவிட்டுச் சரி என்றால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஒரு சுற்று. ஸ்டீயரிங் கிடையாது. சாவி என் சட்டைப்பையில்.

பிள்ளை கல்லூரிக்குப் போனதும் வண்டியை விற்கலாமா?

முழு வண்டியாக விற்க மாட்டேன். ஆர்சி இல்லாத வண்டி. வாங்குகிறவர் ரோட்டுக்குக் கொண்டுபோக மாட்டார் என்று நான் எப்படி உறுதி சொல்வது? இன்ஜின் செட்டுக்கு ரசீது இருப்பதால் தனியாகப் போகும், ரேக்கும் சீட்டும் உக்கடத்திலேயே எடுத்துக்கொள்வார்கள். கூண்டை வெட்டி எடைக்குப் போட வேண்டும். அதைக் கேட்டதும் மகள் கூண்டு மட்டும் தோப்பிலேயே இருக்கட்டும், கல்லூரியில் பாஹா அணி இருந்தால் அளவெடுக்க ஆகும் என்றாள். இப்போதைக்கு அப்படித்தான் பேசி வைத்திருக்கிறோம்.